நல்ல வீரர் என்பது பாதிக் கேள்விதான்

2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியபோது, அடுத்த கோப்பை அவர்களுக்குத்தான் என்று பலரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஏற்கெனவே லெப்ரான் ஜேம்ஸ் இருந்தார், ஆன்டனி டேவிஸ் இருந்தார். அவர்களோடு 2017இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வென்ற ஒருவரும் சேர்ந்தார். முந்தைய சீசனில் வாஷிங்டன் விஸார்ட்ஸ் அணிக்காக வெஸ்ட்புரூக் ஆட்டத்துக்குச் சராசரியாக 22.2 புள்ளி, 11.5 ரீபவுண்டு, 11.7 அசிஸ்ட் எடுத்திருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எட்டு மாதம் கழித்து லேக்கர்ஸின் கணக்கு 33 வெற்றி, 49 தோல்வி. மேற்குப் பிரிவில் 11ஆவது இடம். ஏழு முதல் பத்தாம் இடம் வரையுள்ள அணிகளுக்குக் கிடைக்கும் பிளே-இன் வாய்ப்புகூட இல்லை. 2020இல் கோப்பை வென்றுகொடுத்திருந்த பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல், சீசன் முடிந்ததும் நீக்கப்பட்டார்.

அதே 2021 மார்ச்சில் இன்னொரு வீரரும் அணி மாறினார். ஏழாவது சீசன் ஆடிக்கொண்டிருந்த ஆரன் கார்டன், ஆர்லாண்டோ மேஜிக் அணியிலிருந்து டென்வர் நக்கெட்ஸுக்குப் போனார். டங்க் போட்டிகளில் அவர் தாவிய தாவல்கள் எல்லோருக்கும் நினைவில் இருந்தன. ஆனால் எதிர்பார்த்த உயரத்துக்கு வளராதவர் என்ற பெயரும் கூடவே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில் டென்வர் தன் முதல் கோப்பையை வென்றது. மயாமியை எதிர்த்த அந்த இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தவர் கார்டன்.

இருவரில் யார் பெரிய வீரர் என்று கேட்டால் பதிலில் சந்தேகமே இல்லை, வெஸ்ட்புரூக்தான். யார் வந்ததால் அணி உயர்ந்தது என்று கேட்டால், அதிலும் சந்தேகமில்லை. இந்த இரண்டு பதில்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதைப் பொறுமையாகப் புரிந்துகொண்டால், ஒரு வீரர் புதிய அணிக்கும் புதிய பயிற்சியாளருக்கும் பொருந்துவாரா என்பதை எடைபோடும் வழி தெரிந்துவிடும். ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் மட்டுமல்ல, இதற்கென்றே சம்பளம் வாங்கும் அணி நிர்வாகங்களும் இந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன. அதற்கான விலையைப் பெரும்பாலும் கொடுப்பது அந்த வீரரின் பெயர்.

பந்து இல்லாதபோது என்ன செய்வார்?

மைதானத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர், பந்து ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வீரர்களை மதிப்பிடும்போது இதை எளிதாக மறந்துவிடுகிறோம். என்பிஏயில் 'யூசேஜ்' என்று ஓர் அளவு உண்டு. ஒரு வீரர் களத்தில் இருக்கும் நேரத்தில், அணியின் எத்தனை சதவீத வாய்ப்புகள் அவர் கையில் முடிகின்றன என்பதை அது சொல்லும். கூடையை நோக்கி எறிவது, ஃப்ரீ த்ரோ பெறுவது, பந்தை இழப்பது ஆகிய மூன்றும் இந்தக் கணக்கில் சேரும். ஐந்து பேரும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 20 சதவீதம் வரும். 2016-17 சீசனில் வெஸ்ட்புரூக்கின் அளவு 41க்கும் மேல். என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் யாரும் அந்த அளவைத் தொட்டதில்லை.

அந்த ஆண்டு அது தேவையாகவும் இருந்தது. கெவின் டுரான்ட் ஓக்லஹோமா சிட்டியை விட்டு கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த அணியை ஒருவர் தோளில் சுமக்க வேண்டியிருந்தது, வெஸ்ட்புரூக் சுமந்தார். 42 ஆட்டங்களில் டிரிபிள்-டபுள் (மூன்று கணக்குகளில் இரட்டை இலக்கம்) எடுத்து, 1961-62இல் ஆஸ்கர் ராபர்ட்சன் வைத்த 41 என்ற சாதனையைத் தாண்டினார். அணி 47 ஆட்டங்களில் வென்று பிளே-ஆஃபுக்குப் போனது.

லேக்கர்ஸுக்கு வந்தபோது நிலைமை நேர் எதிராக இருந்தது. அங்கே பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துபவர் லெப்ரான். பதினெட்டு ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலை அது, அதை அவரைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடியவர்கள் உலகத்தில் சிலர்தான். ஒரே கச்சேரியில் இருவர் ஒரே நேரத்தில் ஆலாபனை செய்ய முடியாது, ஒருவர் பாடும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்பதில்தான் கச்சேரி நிற்கிறது. எனவே வெஸ்ட்புரூக்கைப் பற்றி லேக்கர்ஸ் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, பந்து லெப்ரான் கையில் இருக்கும்போது இவர் எங்கே நிற்பார், அங்கே நின்று என்ன செய்வார் என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு அந்த சீசனின் ஆட்டங்கள் பதில் சொல்லின. லெப்ரான் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி வருகிறார். டேவிஸ் மேலே ஏறிவந்து, லெப்ரானைக் காப்பவரின் வழியில் ஸ்க்ரீனாக நிற்கிறார். லெப்ரான் அந்த ஸ்க்ரீனைச் சுற்றி உள்ளே பாய்கிறார், டேவிஸும் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். கூடைப்பந்தின் மிகப் பழைய ஆயுதமான பிக் அண்ட் ரோல் இது. 2020இல் இந்த இருவரும் இதை வைத்தே கோப்பை வென்றார்கள். இப்போது மூலையில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வெஸ்ட்புரூக் நிற்கிறார். அவரைக் காக்க வேண்டிய எதிரணி வீரர் அவர் பக்கத்தில் இல்லை. பல அடி உள்ளே நகர்ந்து, கூடைக்கு முன்னால் ஒரு காலை வைத்து, லெப்ரானுக்காகக் காத்திருக்கிறார். லெப்ரான் தாண்ட வேண்டியது இரண்டு பேரை என்றிருந்தது மூன்று பேராகிவிட்டது. டேவிஸுக்குப் போக வேண்டிய பாஸின் பாதையும் அடைபட்டது.

எதிரணி அந்தத் துணிச்சலை எடுக்கக் காரணம் சின்னக் கணக்குதான். வெஸ்ட்புரூக் மூன்று புள்ளி எறிதல்களில் சுமார் 30 சதவீதம்தான் உள்ளே போடுவார். லீக்கின் சராசரி 35ஐ ஒட்டி இருக்கும். 30 சதவீதம் என்றால் ஓர் எறிதலுக்குச் சராசரியாக 0.9 புள்ளி. கூடைக்கு அடியில் லெப்ரானோ டேவிஸோ பந்தைப் பெற்று, பத்தில் ஆறு தடவை போட்டாலும் 1.2 புள்ளி. எந்தப் பயிற்சியாளரும் முதலாவதை விட்டுக்கொடுத்து இரண்டாவதை அடைப்பார். மூலையில் நிற்கும் வீரர் எறியவே வேண்டாம், எறிவார் என்ற பயம் எதிரணிக்கு இருந்தால் போதும், கூடைக்கு முன்னால் இடம் பிறக்கும். அந்தப் பயத்தை உண்டாக்கும் வீரரின் பங்கு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது. உண்டாக்காத வீரரால் வரும் நட்டமும் ஏறாது.

இந்தப் பலவீனத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 2020 பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் வெஸ்ட்புரூக் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு ஆடியபோது, அவரை வெளியே எறியவிட்டு உள்ளே அடைத்த அணி லேக்கர்ஸ்தான். தொடரை 4-1 என்று வென்றும் காட்டியது. எதிரியாக நின்று தாங்களே தெரிந்துகொண்ட பாடத்தை, வாங்கும் நேரத்தில் கணக்கில் எடுக்காமல் விட்டதுதான் எனக்குப் புரியாத இடம்.

இடம் கிடைத்தால் வேறு வீரர்

இதை வைத்து வெஸ்ட்புரூக் எந்த அணிக்கும் உதவாதவர் என்று முடிவுகட்டினால் அது பெரும் தவறு. அதே ஹூஸ்டனில், அதே 2019-20 சீசனில், அவர் ஆட்டத்துக்கு 27.2 புள்ளி எடுத்தார். அவருடைய எறிதல்களில் 47 சதவீதம் உள்ளே போனது, அதுவரை அவர் கண்டிராத அளவு அது. பயிற்சியாளர் மைக் டி'அன்டோனி செய்த காரியம் எளிமையானது. கூடைக்கு அடியில் நின்று ஆடும் சென்டரான கிளின்ட் கப்பேலாவை 2020 பிப்ரவரியில் அணி வேறிடத்துக்கு அனுப்பியது. ஆறடி ஐந்து அங்குலமே உள்ள பி.ஜே. டக்கர் சென்டராக ஆடினார். வெஸ்ட்புரூக்கைச் சுற்றி நான்கு பேரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எறியக்கூடியவர்கள். உள்ளே தெரு காலியாகக் கிடந்தது, அவருடைய வேகத்துக்கு அதுதான் வேண்டும்.

லேக்கர்ஸில் அந்தத் தெரு கிடைக்கவில்லை. டேவிஸ் சென்டராக ஆடுவதை அதிகம் விரும்பாதவர். சீசனின் தொடக்கத்தில் வோகல் அவரோடு டிஆண்ட்ரே ஜோர்டனையும் இறக்கினார். ஜோர்டன் கூடைக்கு அடியில் மட்டுமே ஆடக்கூடிய நெடிய சென்டர். உள்ளே ஏற்கெனவே இரண்டு பெரிய உடல்கள், அவர்களைக் காக்க எதிரணியின் இரண்டு உடல்கள், மேலும் வெஸ்ட்புரூக்கை விட்டு உள்ளே வந்து நிற்கும் மூன்றாமவர். பாய்வதற்குப் பிறந்த ஒரு வீரர், சுவரை நோக்கி ஓட வேண்டியிருந்தது.

ஆகவே ஒருவரின் பழைய சாதனைகளைப் பார்க்கும்போது, அவை எந்தச் சூழலில் வந்தன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அவரைச் சுற்றி யார் இருந்தார்கள், எத்தனை பேர் வெளியிலிருந்து எறிந்தார்கள், பந்து எவ்வளவு நேரம் அவர் கையில் இருந்தது. அந்தச் சூழலில் எவ்வளவு புதிய இடத்திலும் இருக்கும் என்று கேட்டால், பழைய எண்களில் எவ்வளவு கூட வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

யார் போகிறார்கள் என்பதும் கணக்குதான்

புதிதாக வருபவரைப் பற்றியே எல்லோரும் பேசுவோம். அவருக்காக வெளியே போகிறவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. வெஸ்ட்புரூக்குக்காக லேக்கர்ஸ் கைல் குஸ்மா, கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், மான்ட்ரெஸ் ஹாரல் ஆகிய மூவரையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்பையும் கொடுத்தது. அதே கோடையில் அலெக்ஸ் கரூசோ சிகாகோவுக்குப் போய்விட்டார். இவர்களில் யாரும் நட்சத்திரம் இல்லை. ஆனால் கால்ட்வெல்-போப் முந்தைய சீசனில் மூன்று புள்ளி எறிதல்களில் 41 சதவீதம் போட்டவர். கரூசோ எதிரணியின் சிறந்த கார்டை, அதாவது வெளியிலிருந்து பந்தை நடத்துபவரை, துரத்திச் சலிக்காதவர்.

2020-21இல் என்பிஏயின் முதல் இடத் தடுப்பாட்ட அணி லேக்கர்ஸ். வோகலின் முத்திரையே தடுப்பாட்டம்தான். இந்தியானா பேசர்ஸில் ராய் ஹிப்பர்ட்டை நடுவில் நிறுத்தி, அவருக்கு முன்னால் ஸ்க்ரீன்களில் சிக்காமல் போராடும் கார்டுகளை வைத்து, 2013லும் 2014லும் கிழக்குப் பிரிவு இறுதிவரை போனவர் அவர். கால்ட்வெல்-போப்பும் கரூசோவும் அந்த முறையின் முன்வரிசை. அவர்களின் இடத்தில் வந்தவர், பந்தைப் பறிக்கப் பாய்ந்து தன் ஆளை விட்டுவிடும் பழக்கம் உள்ளவர். அடுத்த சீசனில் தடுப்பாட்டப் பட்டியலின் கீழ்ப்பாதிக்கு அணி சரிந்தது.

பணமும் இதில் சேர்ந்துகொண்டது. 2021-22இல் என்பிஏ ஓர் அணிக்கு வகுத்த சம்பள வரம்பு சுமார் 11.24 கோடி டாலர். வெஸ்ட்புரூக், லெப்ரான், டேவிஸ் மூவரின் சம்பளம் மட்டும் 12 கோடியைத் தாண்டியது. வரம்பை மீறிச் செலவழிக்க விதிகளில் சில வழிகள் உண்டு என்றாலும், மிச்ச இடங்களில் பெரும்பாலானவற்றைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரச் சம்மதித்தவர்களைக் கொண்டுதான் நிரப்ப முடிந்தது. கார்மெலோ ஆன்டனி, டுவைட் ஹோவர்ட், டிரெவர் அரீசா என்று ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பெயர்கள் வந்தன. ஓடி ஓடித் தடுக்கும் வயதை அவர்கள் கடந்திருந்தார்கள். மூன்று புள்ளி எறிதலில் வல்லவரான பட்டி ஹீல்டை சாக்ரமென்டோவிலிருந்து வாங்கும் பேச்சும் அதே நாட்களில் நடந்ததாகச் செய்திகள் வந்தன. சம்பளம் குறைவு, புகழ் குறைவு. ஆனால் மூலையில் நின்றாலே எதிரணியை வெளியே இழுக்கும் வீரர் அவர்.

பயிற்சியாளர் எதைக் கேட்கிறார்?

ஆரன் கார்டனின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. ஆர்லாண்டோவில் 2016 முதல் 2018 வரை அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் இதே ஃபிராங்க் வோகல்தான். 2016-17இல் அந்த அணியில் செர்ஜ் இபாகா, பிஸ்மாக் பியோம்போ, நிகோலா வுச்செவிச் என்று உயரமானவர்கள் குவிந்திருந்தார்கள். அதனால் இயல்பாகவே கூடைக்கு அருகில் ஆடும் கார்டன், வெளிப்புற விங் வீரராக மாற்றப்பட்டார். இந்தியானாவில் பால் ஜார்ஜ் செய்ததைப் போன்ற ஒரு வேலையை வோகல் அவரிடம் எதிர்பார்த்தார். பந்தை வெளியில் வாங்கி, தானே வாய்ப்பை உருவாக்கி எறிய வேண்டிய வேலை அது. அணி 29 வெற்றிகளோடு முடித்தது. ஆர்லாண்டோவில் ஆடிய எந்த சீசனிலும் கார்டனின் எறிதல் 50 சதவீதத்தைத் தொடவில்லை.

டென்வரில் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் அவரிடம் கேட்டது வேறு. அங்கே பந்து நிகோலா யோகிச்சிடம் இருக்கும். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள சென்டர் அவர், பாஸ் கொடுப்பதில் எந்த கார்டுக்கும் குறைந்தவர் இல்லை. கார்டன் கூடைக்குப் பக்கவாட்டில், எல்லைக்கோட்டை ஒட்டிப் பதுங்கி நிற்பார். யோகிச்சைத் தடுக்க இரண்டாவது ஆள் நகர்ந்த நொடியில் ஓரடி எடுத்து உள்ளே வருவார், பந்து ஏற்கெனவே காற்றில் இருக்கும். அதைப் பிடித்த கையோடு டங்க். இடையில் ஒரு தட்டலும் இல்லை, தயக்கமும் இல்லை. 2022-23இல் அவர் 56 சதவீதம் போட்டார். ஆட்டத்துக்கு 16.3 புள்ளி. ஆர்லாண்டோவில் அவருடைய உச்சமான 17.6ஐவிட அது குறைவு. குறைவாக எடுத்த ஆண்டில்தான் அவர் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார்.

தடுப்பாட்டத்தில் அவருக்குக் கிடைத்த வேலை இன்னும் கடினம். 2023 பிளே-ஆஃபில் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், கெவின் டுரான்ட், லெப்ரான் ஜேம்ஸ், ஜிம்மி பட்லர் என்று சுற்றுக்கு ஒரு மலையை அவர் காத்தார். யோகிச்சின் வேகக் குறைவை மறைக்க ஒருவர் தேவைப்பட்டது, கார்டனின் உடல் அதற்காகவே செய்ததுபோல் இருந்தது. அவருடைய பலமும் அணியின் குறையும் ஒன்றோடொன்று கச்சிதமாகச் சேர்ந்தன.

பயிற்சியாளரால் ஒரு வீரரின் வாழ்க்கை எவ்வளவு மாறும் என்பதற்கு போரிஸ் டியாவைவிடத் தெளிவான சான்று கிடையாது. அட்லான்டாவில் கவனிப்பாரற்று இருந்த பிரெஞ்சு வீரர் அவர். 2005இல் ஃபீனிக்ஸுக்குப் போனதும், காயமடைந்த ஆமரே ஸ்டவுடமையர் இல்லாத குறையை நிரப்ப டி'அன்டோனி அவரைச் சென்டராகவே ஆடவிட்டார். அந்த சீசனின் சிறந்த முன்னேற்ற வீரர் விருது அவருக்கு. பிறகு சார்லட்டில் மறுபடி சரிவு. 2011-12இல் சார்லட் பாப்கேட்ஸ் 7 வெற்றி, 59 தோல்வி என்று என்பிஏ வரலாற்றின் மிக மோசமான வெற்றி விகிதத்தைப் பதிவு செய்தது. அந்த அணியே 2012 மார்ச்சில் டியாவை வேண்டாம் என்று விடுவித்தது. கிரெக் பாப்போவிச்சின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 2014 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்திலிருந்து பாப்போவிச் அவரைத் தொடக்க ஐவரில் இறக்கினார். ஸ்பர்ஸ் மயாமியை 4-1 என்று வீழ்த்தியது. லீக்கின் கடைசி அணிக்குத் தேவைப்படாதவர், இரண்டே ஆண்டில் லீக்கின் முதல் அணியின் அச்சாணி ஆனார்.

டியாவின் திறமை சார்லட்டிலும் இருந்தது. பந்தைப் பிடித்ததும் யார் காலியாக நிற்கிறார் என்று கண நேரத்தில் கண்டு தள்ளிவிடுவது அவர் கலை. நான்கு பேர் நகர்ந்துகொண்டே இருக்கும் அணியில் அது பொக்கிஷம். நின்ற இடத்தில் நிற்கும் அணியில் அதற்கு வேலை இல்லை.

மனமும் காலமும்

இதுவரை சொன்னவை மைதானத்தில் கண்ணால் காணக்கூடியவை. காணமுடியாத ஒன்றும் உண்டு: வீரர் தன் வேலையைச் சுருக்கிக்கொள்ளச் சம்மதிப்பாரா என்பது. 2010இல் லெப்ரானும் கிறிஸ் போஷும் மயாமியில் டுவேன் வேடோடு சேர்ந்தபோது, அங்கேயும் பந்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். முதல் 17 ஆட்டங்களில் 9 வெற்றி, 8 தோல்வி. அந்த சீசனின் இறுதிச் சுற்றில் டல்லாஸிடம் தோற்றார்கள். பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவை நீக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தது, நிர்வாகம் அசையவில்லை. அடுத்த ஆண்டில் வேட் பந்தை அதிகம் லெப்ரானிடம் விட்டு, தான் பந்தின்றி உள்ளே வெட்டி ஓடத் தொடங்கினார். டொராண்டோவில் அணியின் முதல் நட்சத்திரமாக இருந்த போஷ், சென்டராக மாறி, வெளியே நின்று எறியவும் பழகினார். 2012லும் 2013லும் கோப்பை அவர்களுக்கே.

பொருத்தம் என்பது வரும்போதே இருந்தாக வேண்டும் என்பதில்லை, உருவாக்கவும் முடியும் என்பதற்கு மயாமி சாட்சி. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு பொறுமை வேண்டும், விட்டுக்கொடுக்கும் நட்சத்திரங்கள் வேண்டும், அவர்களுடைய உடலும் கைத்திறனும் புதிய வேலைக்கு இடம் கொடுக்க வேண்டும். வேடின் வெட்டி ஓடும் ஓட்டம் அவருக்குள் ஏற்கெனவே இருந்தது. முப்பத்திரண்டு வயதில் ஒருவரிடம், இதுவரை கைவராத மூன்று புள்ளி எறிதலை எதிர்பார்ப்பது வேறு விஷயம்.

ஓர் எதிர்வாதம் நியாயமானது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. அந்த சீசனில் லெப்ரான் 56 ஆட்டங்களே ஆடினார், டேவிஸ் 40 ஆட்டங்கள். மூவரும் சேர்ந்து ஆடியது 21 ஆட்டங்கள்தான், அதில் வெற்றி 11. காயங்கள் இல்லாதிருந்தால் அணி இன்னும் மேலே முடித்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருபத்தொரு ஆட்டங்கள் எந்த முடிவுக்கும் சிறிய அளவு என்பதும் உண்மை. ஆனால் பெரும் செலவில் கட்டிய ஓர் அணி, மூவரும் இருந்த நாட்களிலும் ஏறக்குறைய பாதிதான் வென்றது என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

திறமை சேர்ந்தால் போதும், மற்றதெல்லாம் தானே சரியாகும் என்பது இன்னொரு வாதம். 2016இல் கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டீஃபன் கரியோடு டுரான்ட் சேர்ந்து இரண்டு கோப்பைகள் வந்ததை அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். உற்றுப் பார்த்தால் அது இங்கே சொல்வதற்குத்தான் வலுச்சேர்க்கிறது. கரி பந்து இல்லாமலேயே ஓடி ஓடி எதிரணியைச் சிதறடிப்பவர். டுரான்ட் எங்கே நின்றாலும் எறியக்கூடியவர். ஒருவர் கையில் பந்து இருக்கும்போது மற்றவரின் ஆபத்து குறையவே இல்லை.

அதே வீரர், டென்வரில்

வெஸ்ட்புரூக்கின் கதை லேக்கர்ஸோடு முடியவில்லை. 2023 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அவரைக் கொடுத்து டி'ஆஞ்செலோ ரஸ்ஸல், மாலிக் பீஸ்லி, ஜாரட் வாண்டர்பில்ட் ஆகியோரை வாங்கி, அந்த ஆண்டே மேற்குப் பிரிவு இறுதிவரை போனது. அங்கே அவர்களை 4-0 என்று வீழ்த்திய டென்வரின் தொடக்க ஐவரில், கார்டனோடு நின்றவர் கால்ட்வெல்-போப்.

2024இல் வெஸ்ட்புரூக் அதே டென்வருக்குப் போனார், லேக்கர்ஸில் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பளத்துக்கு. 75 ஆட்டங்கள், அவற்றில் ஏறக்குறைய பாதியில் பெஞ்சிலிருந்து, சராசரி 13.3 புள்ளி, 6.1 அசிஸ்ட். யோகிச் மேலே பந்தோடு நிற்க, வெஸ்ட்புரூக் பின்னாலிருந்து கூடையை நோக்கி வெட்டி ஓடினார். அவருடைய பழைய குறைகள் மறைந்துவிடவில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று மின்னசோட்டாவுக்கு எதிராக யோகிச் 61 புள்ளி எடுத்த ஆட்டம், இரண்டாவது கூடுதல் நேரத்தின் கடைசி விநாடிகளுக்கு வந்தது. வெஸ்ட்புரூக் பந்தைப் பறித்தார், எளிய லே-அப்பைத் தவறவிட்டார், மறுமுனையில் மூன்று புள்ளி எறிய எழுந்தவரை இடித்து ஃபவுல் கொடுத்தார். டென்வர் 139-140 என்று தோற்றது. அதே மாதம் கிளிப்பர்ஸுக்கு எதிரான பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில், நான்காம் கால் பகுதியின் கடைசி அரை நிமிடத்தில் மூலையிலிருந்து மூன்று புள்ளியைப் போட்டு அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த ஆட்டத்தை டென்வர் கூடுதல் நேரத்தில் வென்றது.

லேக்கர்ஸில் இதே தவறுகள் ஒரு சீசனை மூழ்கடித்தன. டென்வரில் அவற்றை அணி தாங்கிக்கொண்டது. பொறுப்பின் அளவும் சம்பளத்தின் அளவும் மாறியிருந்தன, சுற்றி இருந்தவர்களும் மாறியிருந்தார்கள். ஒருவரின் குறை எவ்வளவு வலிக்கும் என்பதை, அவர் மேல் எவ்வளவு பாரம் வைத்தோம் என்பதே தீர்மானிக்கிறது.

எனவே அடுத்த முறை ஒரு பெரிய வீரர் அணி மாறும் செய்தி வரும்போது, அவருடைய சராசரிகளைப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்க்கலாம். பந்து அவர் கையில் இல்லாத முக்கால் பங்கு நேரத்தில் எதிரணி அவரைக் கண்டு பயப்படுமா? அவர் இதுவரை ஆடிய இடம் புதிய அணியில் காலியாக இருக்கிறதா, ஏற்கெனவே ஆள் இருக்கிறதா? அவருக்காக வெளியே போனவர் செய்துவந்த வேலையை இனி யார் செய்வார்கள்? பயிற்சியாளர் தன் முறையை இவருக்காக வளைப்பாரா, இவர் அந்த முறைக்கு வளைவாரா, இருவரில் ஒருவர் இதற்கு முன் வளைந்திருக்கிறாரா? ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் சின்னதா? இவற்றுக்குப் பதில் தேட ரகசியத் தகவல் எதுவும் வேண்டாம். அவர் பந்தின்றி நிற்கும் நேரத்தில் அவரையே பார்த்தபடி நான்கைந்து ஆட்டங்களைப் பார்த்தால் போதும்.

லேக்கர்ஸ் தடுமாறிய அந்த சீசனில், சொந்த மைதானத்திலேயே வெஸ்ட்புரூக்குக்குக் கேலிக்கூச்சல் கிடைத்தது. 2022 மார்ச்சில், தன் பெயரைத் திரித்துக் கேலி செய்வது தன் குடும்பத்தைக் காயப்படுத்துகிறது, இனி அதைச் சும்மா விடமாட்டேன் என்று அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். அவர் அந்த ஆண்டு புதிதாக எந்தக் குறையையும் வளர்த்துக்கொள்ளவில்லை. பதின்மூன்று சீசன்களாக உலகத்தின் கண்முன்னால் ஆடிவந்த அதே ஆட்டத்தைத்தான் ஆடினார். இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டு எடுத்த முடிவும் சில சமயம் பொய்த்துப்போகலாம், விளையாட்டில் அது இயல்பு. ஆனால் கேட்காமலே எடுத்த முடிவின் பாரத்தை ஒரு வீரரின் தலையில் ஏற்றுவது அநீதி. அவர் எப்படி ஆடுவார் என்று தெரிந்தே அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிர்வாகத்தினர், கணக்கும் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.